மழைக்கு ஏற்ற சில்லு

என் கடைக்குக் கிட்டார் வாங்க வருகிறவர்கள் மரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், கழுத்தைத் தூக்கி ஒற்றைக் கண்ணால் நேர் பார்ப்பார்கள், சாவியை முறுக்கிப் பார்ப்பார்கள். கடைசியில் கம்பியை மீட்டுகிற சில்லை மட்டும் பார்க்காமலே ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். பிக் என்று சொல்கிறார்களே, அதுதான். நாங்கள் அதைச் சில்லு என்போம். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு. அதைத் தெரிந்தெடுக்கத் தெரியாதவன் கையில் எந்தக் கிட்டாரும் விறகுதான்.

இதைச் சொல்ல எனக்கு அருகதை இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு ஹாட்டனில் இருந்து உடப்புசல்லாவை வரைக்கும் எந்தக் கல்யாண வீட்டில் கிட்டார் சத்தம் கேட்டாலும் அதில் என் கடைக் கம்பி ஒன்றாவது இருக்கும். இரண்டு மாடிக் கடை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும், பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் கொத்மலைப் பக்கத்தில் ஒரு கல்யாணத்தில் நான் பட்ட பாட்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பெருமைக்கு அர்த்தம் இருக்கும்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஹாட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் எனக்கு ஸ்டோர் வேலை. தேயிலைத் தொழிற்சாலையைத்தான் ஸ்டோர் என்போம். வாடிய கொழுந்தை அரைத்துச் சுருட்டும் மெசினில் நின்றேன். மலையில் நின்று மழையில் நனைகிற வேலையைவிட அது எவ்வளவோ மேல். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஸ்டோருக்குள் வேலை செய்தவன் நான் ஒருவன்தான்.

கிட்டார் என் கைக்கு வந்தது பங்களா ஏலத்தில். துரை வேலையை முடித்துக்கொண்டு சீமைக்குப் போகும்போது சாமான்களை ஏலம் போடுவது வழக்கம். கட்டிலுக்கும் கதிரை மேசைக்கும் பஜாரில் இருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். மூலையில் சாய்த்து வைத்திருந்த கிட்டாரைக் கேட்க ஆள் இல்லை. நான் கையைத் தூக்கினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டுக்குக் கொண்டு வந்தபோது அக்கா சிரிக்கக்கூட இல்லை.

"சோத்துப் பானை ஒண்ணு வாங்கிட்டு வாடான்னா, மரப்பானை வாங்கிட்டு வந்திருக்கான். இதுல என்னாத்த வடிக்கிறது?"

எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தேநீர்க் கடை ரேடியோவில் கேட்டதை வீட்டுக்குள் வரும்வரை வாயிலேயே வைத்துக்கொண்டு வந்து கம்பியில் தேடுவேன். ஒரு வருஷத்தில் கேட்டதை எல்லாம் வாசித்தேன். இன்னொருவனுக்கு ஐந்து வருஷம் ஆகியிருக்கும்.

சில்லுதான் கிடைக்கவில்லை. வெறும் விரலால் ஆரம்பித்தேன். குளிரில் விரல் நுனி மரத்துப் போயிருப்பதால் கம்பி அறுப்பது வாசிக்கும்போது தெரியாது. அடுப்படியில் உட்கார்ந்து கை சூடேறிய பிறகுதான் எரியும். அதனால் தேங்காய்ச் சிரட்டையை உடைத்து உரசிப் பார்த்தேன். கதவு தட்டுகிற மாதிரி டொக் டொக்கென்று சத்தம். போட்டோ ஸ்டூடியோக்காரர் குப்பையில் போட்ட ஃபிலிம் துண்டை வெட்டிப் பார்த்தேன். அது நன்றாக வளைந்து கொடுத்தது. சத்தம் இனிமையாகத்தான் வந்தது, ஆனால் பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குக் கேட்கவில்லை. அக்காவின் பிளாஸ்டிக் சீப்பை உடைத்து ஒன்று செய்தேன். அது ஒரே பாட்டில் முனை தேய்ந்துவிட்டது, அதற்கு வாங்கிய திட்டு மட்டும் தேயவில்லை. மாட்டுக் கொம்பு கும்மென்று பேசியது. ஆனால் அதற்கு ஒரு வழுவழுப்பு. பிடியில் நிற்காமல் சோப்புத் துண்டு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும்.

இப்படித்தான் கற்றுக்கொண்டேன். மெல்லிய சில்லு கம்பியைக் காப்பாற்றும், சத்தத்தை விட்டுவிடும். தடித்தது சத்தத்தைத் தரும், பதிலுக்குக் கம்பியைக் கேட்கும். கம்பி அறுந்தால் அந்தக் காலத்தில் புதுக் கம்பி வாங்கக் கண்டிக்குத்தான் போக வேண்டும். ஆகவே சில்லின் மதிப்பை அதன் விலையை மட்டும் வைத்துக் கணிக்கக் கூடாது. அது எத்தனை கம்பியைத் தின்னும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தர மாட்டார்கள்.

ஹாட்டன் பஜாரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர், கல்யாண வீடுகளுக்குப் பாட்டுக் கோஷ்டியும் நடத்தினார். எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். ஹார்மோனியம் அவர் கை. பாட ஒருவர், டோலக்குக்கு ஒருவர், ஒலிபெருக்கி, ஒரு பழைய லொறி, எல்லாம் அவரிடம் இருந்தன. அவருடைய கிட்டார்க்காரன் கொழும்புக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டதும் நான் கிட்டாரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். எனக்கு முன்பே அங்கே ஒருவன் உட்கார்ந்திருந்தான். நுவரெலியா பஸ்ஸில் கண்டக்டர். காக்கிச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. அவனும் கிட்டாரோடுதான் வந்திருந்தான்.

நானா இருவரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் வாசிக்கிறீங்க. கடைக்குள்ள வாசிக்கிறது பெரிய காரியமா? ஞாயித்துக்கெழம கொத்மலப் பக்கம் ஒரு கல்யாணம் இருக்கு. ஆளுக்குப் பாதி வாசிங்க. எனக்கு ஒரு ஆள்தான் வேணும். ஒண்ணு இப்பவே சொல்லிட்டேன், கம்பி அறுக்கிறவன் எனக்கு வேணாம். போன ஆளு மாலை மாத்துற நேரம் பாத்து டிங்குன்னு அறுத்துட்டான். பொண்ணு வீட்டுக்காரங்க அபசகுனம்னு சொல்லி, சோறுகூடப் போடாம என்னைய லொறி ஏத்தி வுட்டுட்டாங்க."

"நானா, நம்ம கையில கம்பி அறுந்ததே இல்ல" என்றான் கண்டக்டர். பையில் இருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்துத் திறந்தான். உள்ளே கொழும்பில் வாங்கிய சில்லுகள், ஆமை முதுகு நிறத்தில், எல்லாம் ஒரே வடிவம். நான் கையை நீட்டினேன். அவன் மூடியைப் படக்கென்று சாத்தினான்.

"பாக்குறது மட்டுந்தான் தம்பி. டிக்கெட் எடுக்காதவன் சீட்டுல கை வைக்கப்படாது."

அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும் என்று ஸ்டோர் பொறுப்பாளர் டீமேக்கர் ஐயாவிடம் போய் நின்றேன். கொழுந்து மிதமிஞ்சி வருகிற காலம், ஞாயிறும் மெசின் ஓடியது. அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"போ. தாராளமாப் போ. ஆனா திங்கக்கெழம இங்கிட்டு வந்து நிக்காத. மம்பட்டிய எடுத்துக்கிட்டு கான் வெட்டப் போ."

கான் வெட்டுவது என்றால் மலைச் சரிவில் மழைத்தண்ணீர் ஓடக் கால்வாய் தோண்டுவது. முதுகு ஒடிகிற வேலை. ஒருமுறை அதற்கு இறங்கினவன் ஸ்டோருக்குள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. மம்பட்டி பிடித்துக் காய்த்துப்போன விரலால் கிட்டாரும் வாசிக்க முடியாது. ஆக, நானாவின் கோஷ்டியில் இடம் கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் எனக்குக் கான்தான்.

கண்டக்டரின் டப்பா கண்ணுக்குள்ளேயே நின்றது. அவன் சில்லைவிட நல்லதாக ஒன்று எனக்கு வேண்டும். தோட்டத்துத் தச்சு வேலைக்குத் தெற்கே காலி நகர்ப் பக்கத்தில் இருந்து வந்திருந்த ஒரு வயதான சிங்களவர் இருந்தார். பாஸ் என்று கூப்பிடுவோம். தலைமுடியை வாரிக் கொண்டை போட்டு, அதன்மேல் வளைவான ஆமையோட்டுச் சீப்பு வைத்திருப்பார். அந்தப் பக்கத்துப் பழைய ஆண்களின் வழக்கம் அது. ஸ்டோர்க் கூரையில் ஏறி வேலை செய்தபோது அந்தச் சீப்பு விழுந்து இரண்டாகப் போயிருந்தது. அவர் துண்டுகளைத் துணியில் முடிந்து வைத்திருந்தார். நான் போய்க் கேட்டேன்.

"தம்பிக்கு வேற சாமான் கெடைக்கிறது இல்லையா? என் தலையில இருக்கிறதுதான் வேணுமா?" என்றார். அவர் தமிழ் அப்படித்தான் இருக்கும். "இது எங்க அப்பா வச்ச சீப்பு."

"ஒடஞ்சதுதானே பாஸ்."

"அப்பாவும் செத்துப் போனதுதான். அதுக்காகக் குடுக்கிறது இல்லை."

கிட்டாரை எடுத்து வந்து அவர் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்து, அவர் ஊர்ப்பக்கத்துப் பைலா மெட்டு ஒன்றை வாசித்தேன். அவர் உளியைக் கீழே வைக்கவில்லை. ஆனால் கால் தாளம் போட்டது. பாட்டு முடிந்ததும், வேண்டாவெறுப்பாக முடிச்சை அவிழ்த்து, இரண்டு பல்லோடு ஒட்டியிருந்த ஓரத் துண்டு ஒன்றை மட்டும் தந்தார்.

கண்ணாடித் துண்டால் சீவினேன். முடி கருகுகிற மாதிரி நாற்றம் வந்தது. சாம்பல் வைத்துத் தேய்த்து முனையைச் சரிசெய்தேன். வேலை நடுவில் மெசின் நிற்கிற நேரங்களில் ஸ்டோருக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தேன். அப்படி ஒரு சத்தத்தை அதுவரை நான் என் கிட்டாரில் கேட்டதில்லை. துணி சுற்றாத கோயில் மணியை அடித்த மாதிரித் தெளிவு. கம்பிக்கும் வலிக்கவில்லை. பிடியும் விரலில் பிறந்தது போல அப்படியே நின்றது. கண்டக்டர் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கறுப்புக் கையோடயா கல்யாண வீட்டுல போய் உக்காரப் போற? ஸ்டோர்க்காரன்னு ஊருக்கே தெரியவா?"

அரைத்த கொழுந்தின் சாறு பிசுபிசுவென்று ஒட்டி, காய்ந்து, உள்ளங்கையைக் கறுப்பாக்கிவிடும். எங்கள் ஆட்கள் விசேஷத்துக்குப் போகும்முன் அதைப் போக்கப் பெரும்பாடு படுவார்கள். நானும் பட்டேன். எலுமிச்சை என்கிறார்களே, அந்தத் தேசிக்காயை அறுத்துத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், வாசனைச் சோப்பும் போட்டேன். கை பளிச்சென்று ஆகிவிட்டது. அக்காவுக்குத் திருப்தி.

லொறியில் கண்டக்டர் என் கையைப் பார்த்து, "என்னா தம்பி, தொரைக்குப் பொறந்த கை மாதிரி இருக்கு" என்றான். டோலக்குக்காரர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

கல்யாணம் கொழுந்து மடுவத்தில். கொழுந்து நிறுக்கிற தகரக் கொட்டகையைக் கழுவி, வாழைமரம் கட்டி, காகிதப் பூ தொங்கவிட்டிருந்தார்கள். தாலி கட்டிச் சாப்பாடு முடிந்த மதியத்தில் பாட்டு ஆரம்பித்தது. ஒலிபெருக்கி லொறி பெட்டரியில் ஓடியது. முதல் பாதி கண்டக்டருக்கு. அவனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், நன்றாகவே வாசித்தான். மெல்லிய சில்லு, மைக்குக்குப் பக்கத்தில் கம்பியைத் தடவிக்கொடுப்பது மாதிரி. பெண்கள் பக்கம் தலைகள் ஆடின. நானா ஹார்மோனியத்தைப் பார்க்காமல் அவனைப் பார்த்துக்கொண்டே வாசித்தார்.

என் முறை வந்து நான் பாயில் உட்காரும்போது தகரத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டை நான் கேட்கவில்லை, ஏனென்றால் அதற்குள் மழை மொத்தமாக இறங்கிவிட்டது. கொத்மலை மழை. தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து அதைக் கேட்டவனுக்குத் தெரியும், பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். கூரை இரண்டு மூன்று இடத்தில் ஒழுகியது. நானா ஓடிப்போய் ஒலிபெருக்கிப் பெட்டியை நிறுத்திச் சாக்கைப் போட்டு மூடினார். மொய் எழுதிக்கொண்டிருந்த பெண்ணின் தாய்மாமன் தட்டையும் பாயையும் தூக்கிக்கொண்டு வந்து, நனையாத இடம் என்று, எங்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மொய்த் தட்டு என் முழங்காலுக்கு அருகில்.

மைக் இல்லை. நானா என்னைப் பார்த்து, ஆரம்பி என்று கையைக் காட்டினார்.

பாடகர் தொண்டை நரம்பு புடைக்கப் பாடினார். நான் ஆமையோட்டுச் சில்லை அழுத்திப் பிடித்து ஓங்கி அடித்தேன். முன்வரிசைக்குக் கேட்டிருக்கும். இன்னும் ஓங்கினேன். அப்போதுதான் சில்லு விரலுக்குள் அசைந்தது. முதலில் கொஞ்சம் திரும்பியது, நான் இறுக்கினேன், இறுக்க இறுக்க வழுக்கியது. ஸ்டோருக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்த அத்தனை நாளும் அதைப் பிடித்திருந்தது என் விரல் மட்டும் அல்ல, விரலில் ஒட்டியிருந்த கொழுந்துச் சாறும்தான். அதைத்தான் காலையில் தேசிக்காய் போட்டுக் கழுவி விட்டிருந்தேன். சில்லைச் சோதிக்கிறவன் எந்தக் கையோடு மேடையில் உட்காரப் போகிறானோ அந்தக் கையால் சோதிக்க வேண்டும். இது தெரிந்தபோது சில்லு என் கையில் இல்லை. துள்ளி, கிட்டார் வயிற்றில் இருக்கிற வட்டத் துளைக்குள் விழுந்துவிட்டது.

உள்ளே அது கடகடவென்று உருளுவது கைக்குத் தெரிந்தது. கவிழ்த்துக் குலுக்கி எடுக்க வேண்டுமென்றால் பாட்டை நிறுத்த வேண்டும். பாடகர் பாடிக்கொண்டிருந்தார், டோலக்கு ஓடிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் அடித்தேன், எனக்கே கேட்கவில்லை. நானாவின் புருவம் சுருங்கியது. தூணோரம் நின்ற கண்டக்டர் மெல்லத் தன் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

திங்கட்கிழமைக் கான் என் கண்ணுக்கு நேரே தெரிந்தது.

குனிந்தேன். மொய்த் தட்டு. எங்கள் ஆட்கள் மொய் வைக்கும்போது முழு நோட்டோடு ஒரு சில்லறைக் காசும் சேர்த்து வைப்பார்கள். முழுத் தொகையாக முடிந்தால் உறவும் அத்தோடு முடிந்துவிடும் என்று ஒரு எண்ணம். நோட்டுகளுக்கு மேலே ராஜா தலை போட்ட ஐந்து சதக் காசு ஒன்று கிடந்தது. பழைய சதுரக் காசு, நான்கு மூலையும் மழுங்கி வட்டமாக இருக்கும். யோசிக்க நேரம் இல்லை. எடுத்துவிட்டேன்.

மூலையால் கம்பியைத் தொட்டதும் மழைக்குள் ஒரு ஓட்டை விழுந்த மாதிரி சத்தம் வெளியே போனது. இனிமை என்று சொல்ல மாட்டேன். கூர்மை. கல்லுளி மாதிரி ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது. மடுவத்தின் அந்தக் கடைசியில், கொழுந்துக் கூடைகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவர்கள் எழுந்து இந்தப் பக்கம் பார்த்தார்கள். காசின் முகத்தில் எழும்பி நிற்கிற தலையும் எழுத்தும் விரலுக்குப் பிடி கொடுத்தன. வழுக்கவே இல்லை.

தாய்மாமனின் வாய் திறந்து திறந்து மூடியது. மழையில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் விடவில்லை, உலுக்கலோடு சேர்த்தே வாசித்தேன். பாட்டு கடைசிச் சரணத்துக்கு வந்தபோது காசு தன் கூலியைக் கேட்டது. முதல் கம்பி அறுந்து என் கன்னத்தில் அடித்தது. மணமகளின் அம்மா நெஞ்சில் கை வைத்தார். நானா ஹார்மோனியத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். மிச்சக் கம்பிகளை வைத்துப் பாட்டை முடித்தேன். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது, அந்தக் குளிரில்.

"மொய்க் காசுலயா கை வைக்கிற? எடு வெளிய!" தாய்மாமன் குரல் இப்போது கேட்டது, ஏனென்றால் என் காதில் வாயை வைத்துக் கத்தினார். உள்ளங்கையைத் திறந்து காட்டினேன்.

"மாமா, காசு எங்கயும் போகல. வாசிக்கத்தான் எடுத்தேன்."

"வாசிக்கக் காசு குடுத்தோம். காசால வாசிக்கச் சொல்லலையே! ஒத்தைக் காச எடுத்துட்டா அந்த மொய்யி என்னாவுறது? கம்பிய வேற அறுத்து வச்சிருக்க, எங்க புள்ள கல்யாணத்துல!"

நானா நடுவில் வந்தார். "மாமா, சின்னப் பையன், தெரியாம செஞ்சுட்டான். காசைத் தட்டுலயே வச்சுரு தம்பி." வைத்தேன். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். "நான் என்னா சொன்னேன்? நீ என்னா செஞ்சிருக்க? எழும்பு. அவன் ஒக்காரட்டும்."

எழுந்தேன். கண்டக்டர் என் இடத்தில் உட்கார்ந்தான். போகிற போக்கில், "எறங்குற எடம் வந்துருச்சு தம்பி, சாமான் எல்லாம் சரியா எடுத்துக்க" என்றான். கிட்டாரைக் கவிழ்த்து ஆமையோட்டுச் சில்லைக் குலுக்கி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். கையையும் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

மழை விடவில்லை. வந்த சனம் வெளியே போக முடியாமல் மடுவத்துக்குள் அடைந்து நின்றது. பிள்ளைகள் அழுதன. மணமகளின் அப்பா வந்து, மழை விடும்வரை பாட்டு நிற்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். கண்டக்டர் டப்பாவில் இருந்து ஒரு சில்லை எடுத்து ஆரம்பித்தான். அவன் கை ஓடுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. இன்னொரு சில்லை எடுத்தான், இன்னும் கொஞ்சம் தடித்தது. அதுவும் வளைந்து கொடுத்து நின்றுவிட்டது.

"என்னாப்பா, ஊமைப் பாட்டா?" பின்னால் இருந்து ஒருவர் கத்தினார். "முந்தி வாசிச்ச பையன் எங்க? அந்தத் தகர வாசிப்ப வாசிக்கச் சொல்லு!"

இன்னும் இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்தன. விசில் அடித்தார்கள். நானா கண்டக்டரிடம் குனிந்தார். "காசால அடிச்சுப் பாரேன்."

"என் கம்பி என்னா ஆவுறது நானா? நான் மாட்டேன்."

நான் அசையவில்லை. கூப்பிடாமல் போகக் கூடாது என்று நின்றேன். வீறாப்புதான். ஆனால் கால் இரண்டும் தரையில் நிற்கவில்லை. நானா கூரையைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், பிறகு தன் சட்டைப் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். எதையோ எடுத்து என் பக்கம் நீட்டினார். ஒரு ஐந்து சதக் காசு.

"இந்தா. இது என்ட காசு. இதுக்கு எந்த மாமாவும் வர மாட்டாரு. ஒக்காரு."

"நானா, கம்பி ஒண்ணு கொறையுது."

"இருக்கிறத அடி. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

கண்டக்டர் எழுந்து இடம் விட்டான். மறுபடியும் அறுந்தால் என்ன செய்வது என்ற பயம் கையிலேயே உட்கார்ந்திருந்தது. அதனால் இந்த முறை காசை நுனியில் பிடிக்காமல் உள்ளே தள்ளி, மூலை மட்டும் வெளியே தெரியும்படி பிடித்தேன். சரித்து அடித்தேன். சத்தம் கூர்மை குறையாமல் வந்தது, கம்பியும் தாங்கியது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அந்த மழையில் நானே கண்டுபிடித்தது. பாட்டுக்குப் பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவது கம்பியின் சுருதி இறங்கிக்கொண்டே போனது, நடுநடுவே முறுக்கிக்கொண்டே வாசித்தேன். தாய்மாமன்கூட ஒரு கட்டத்தில் பென்சிலால் மொய்த் தட்டில் தாளம் போட்டார். மழை விட்டபோது என் விரல்களை மடக்கவும் முடியவில்லை, விரிக்கவும் முடியவில்லை.

லொறியில் சாமான் ஏற்றினோம். கம்பி அறுந்தது அறுந்ததுதான், மொய்க் காசை எடுத்தது எடுத்ததுதான். நானா கண்டக்டரைத் தனியே கூப்பிட்டுச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று பேசினார். கண்டக்டர் தலையைத் தலையை ஆட்டினான். பிறகு என்னிடம் வந்தான்.

"முன்னுக்குப் போ தம்பி. நானா பக்கத்து சீட்டு ஒனக்குத்தான்."

நம்பாமல் நானாவைப் பார்த்தேன்.

"அவன் ஒன்னவிட நல்லா வாசிக்கிறான்" என்றார் நானா. எனக்குச் சுருக்கென்றது. "அதுல ஒண்ணும் பேச்சில்ல. ஆனா இந்த மலையில மழ பெய்யாத கல்யாணம் எது? தகரம் இல்லாத மடுவம் எது? எனக்கு மழைக்குள்ளயும் வாசிப்பு கேக்குற ஆளுதான் வேணும்."

"நானும் நல்லாத்தான் வாசிக்கிறேன் நானா."

"சரி சரி, ஏறு. இனிமே அறுக்கிற கம்பியெல்லாம் ஒன்ட கணக்கு. மொய்த் தட்டுப் பக்கம் திரும்பிப் பாத்தா நானே எறக்கி வுட்டுருவேன். வார ஞாயிறு நல்லதண்ணி ஊருப் பக்கம் ஒரு கல்யாண வீடு. அங்க இதவிட மழ."

"வாறேன் நானா."

"வாறேன்னா போதாது. ஆறு கம்பியோட வா."

திங்கட்கிழமை நான் ஸ்டோருக்கும் போகவில்லை, கானுக்கும் போகவில்லை. கண்டிக்குப் போகிற முதல் பஸ்ஸில் ஏறினேன்.